இருபத்திரண்டு பல்

“செவ்வாய். தை மாதம். 48 – 18 – 22. அம்மா ஏறினாள்.”

குறிப்பு இவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்பில் வைத்திருந்த கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். தேதி எழுதிய இடத்தில் எண்ணெய்க் கறை படிந்து, தாள் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. எண்ணைப் படிக்க முடியவில்லை. ஆண்டையும் எழுதவில்லை. பத்து வயதில், நடக்கிற ஆண்டு எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருப்பேன். நான் ஆறாம் வகுப்பில் இருந்தது 1980 ஜூன் முதல் 1981 ஏப்ரல் வரை. எனவே அந்தத் தை 1981ஆம் ஆண்டினுடையது. இதற்குமேல் நெருங்க என்னிடம் வழியில்லை. மற்றவையெல்லாம் நினைவிலிருந்து எழுதுகிறேன். எங்கே ஐயம் இருக்கிறதோ அங்கே ஐயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கு வடக்கே, பழையசீவரம் போகும் பக்கத்தில் இருக்கிறது. வீட்டின் முன்னறைதான் கிளை அஞ்சலகம். அப்பாதான் அதன் எல்லாமும்: முத்திரை குத்துவது, கடிதம் கொடுப்பது, காலையில் தபால் பையைக் கட்டிப் பெரிய சாலைக்குக் கொண்டுபோய்ப் பேருந்தில் ஏற்றுவது. பையை ஒன்பது மணிக்கு முன்னால் கட்டக் கூடாது. பேருந்து பத்தேகாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வரும், பத்தேகாலுக்கெல்லாம் கிளம்பிவிடும். சாலை வழியாகச் சுற்றிப் போனால் பதினோரு மைல், நடுவே ஓடைமணல் வேறு. ஊருக்கு வடக்கேயிருந்த குன்றின் மேலேறி அந்தப் பக்கம் இறங்கினால் ஏழு மைல். கல் ஏற்றும் மாட்டுவண்டிகள் போய்ப் போய் உண்டான தடம் அது. சரளையும் பாறைமுகடும் நிறைந்தது. அப்பா அந்தத் தடத்தில் சைக்கிளிலேயே ஏறுவார். நின்றுகொண்டு மிதிப்பார், காளை இழுப்பதுபோல்.

அந்த மார்கழியில் ஏரி மதகருகே வழுக்கி விழுந்து அப்பாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அப்பா சொன்னபடி, தனக்குப் பதிலாக ஓர் ஆளை அவரே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆள் வேலைக்கு ஒத்துவருகிறாரா என்று தபால் ஓவர்சியர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓவர்சியர் என்பவர் சுற்றுவட்டாரக் கிளை அஞ்சலகங்களை மேற்பார்வை செய்தவர். பெரியப்பா உடனே தன் மைத்துனரைக் கூட்டிவந்து நிறுத்தினார். மைத்துனர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒருமுறை உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் எழுந்ததாக ஊரில் யாரும் கண்டதில்லை. அவர் அந்த முன்னறைக்குள் வந்துவிட்டால் அப்பா திரும்ப அதில் உட்கார்வது நடக்காது என்பது எங்கள் வீட்டில் பேசப்படாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா அப்பாவிடம், “நான் கொண்டும்போறேன்” என்றாள்.

பெரியப்பா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. “பொம்பள சைக்கிள் வுட்டா புடவை செயின்ல மாட்டிக்கும். அப்புறம் தபாலு ஒரு பக்கம் கெடக்கும், நீ ஒரு பக்கம் கெடப்ப.”

அம்மா பிறந்தது தாமலில். அந்த ஊர் ஏரிக்கரை ஒரு தனி ராஜபாட்டை. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே தன் அண்ணனின் சைக்கிளை ஓட்டப் பழகியிருந்தாள். இது அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். நடவுக்கு இறங்குகிறவர்கள் போல் புடவையைக் கால்களுக்கிடையே இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல் கல்மேல் நின்று, குறுக்குக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டாள். தெருவே நின்று பார்த்தது. அம்மா யாரையும் பார்க்கவில்லை.

சமதரையில் ஒரு குறையும் இல்லை. குன்றுதான் இடித்தது. அப்பா நின்று மிதித்து ஏறிய இடத்தில் அம்மா இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அந்தச் சரளையில் சைக்கிளைத் தள்ளுவது ஓட்டுவதைவிடப் பெரிய பாடு. முதல் வாரத்தில் இரண்டு நாள் பேருந்து போய்விட்டது. பையைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஓவர்சியருக்குச் செய்தி எட்டியது. யார் எட்டவைத்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை, ஆதாரம் இல்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தானே சாலையில் வந்து நிற்பதாக ஓவர்சியர் சொல்லி அனுப்பினார். அன்றைக்குப் பை நேரத்துக்கு வரவில்லையென்றால் புதன்கிழமை முதல் மைத்துனர்.

வீட்டில் சைக்கிள் வேலை செய்கிறவள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத் தொடங்கினேன், அடித்துவிட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பஞ்சர் ஒட்டுவது, பிரேக் கட்டை மாற்றுவது, கோணல் விழுந்த சக்கரத்தைக் கம்பி முறுக்கி நேராக்குவது எல்லாம் எனக்கு வரும். என் விரல் ஒல்லி, சின்ன நட்டுகள் உள்ள இடத்தில் எளிதாகப் போகும் என்பதால் அப்பா பழக்கிவிட்டிருந்தார். ஊரில் கேட்பவர்களிடம், “எங்க வூட்டு மெக்கானிக்கு” என்று என்னைக் காட்டுவார். அந்தச் சொல்லுக்காக நான் எதுவும் செய்வேன்.

ஆனால் குன்றுக்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மா. வாலாஜாபாத்துக்கு ஏதோ காரியமாகப் போனவள், அரிசி ஆலை வாசலில் மூட்டை இழுக்கும் மூன்று சக்கர வண்டியைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றிருக்கிறாள். திரும்பி வந்ததும் வராததுமாக அப்பாவிடம் சொன்னாள்:

“அந்த ஆளு என்னை வுட ஒல்லி. எட்டு மூட்டைய வெச்சிக்கினு மேட்டுல ஏத்தறான். அவன் காலுல ஒண்ணும் இல்ல, வண்டியிலதான் இன்னாவோ கீது.”

பின்சக்கரத்துப் பல்சக்கரம் பெரியதாக இருந்தது என்பதுதான் அந்த ‘இன்னாவோ’. அவள் எண்ணியும் வந்துவிட்டாள்: இருபத்திரண்டு பல். எங்கள் சைக்கிளில் பின்னால் பதினெட்டு, முன்னால் பெடலோடு சுற்றும் பெரிய சக்கரத்தில் நாற்பத்தெட்டு.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “பதினெட்டே போதும்மே. பெரிய பல்லு போட்டா மேட்டுல லேசாத்தான் இருக்கும், தரையில மிதிச்சிக்கினே கெடக்கணும். வண்டி நகராது. காலு பழகிக்கினா ஏறிடும்.”

“காலு பழகறதுக்குள்ள வேலை பூடும்.”

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் அன்று நோட்டில் கணக்குப் போட்டேன். நாற்பத்தெட்டைப் பதினெட்டால் வகுத்தால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். இருபத்திரண்டால் வகுத்தால் இரண்டு சுற்றும் கொஞ்சமும்தான். டயரில் சுண்ணாம்பால் கோடு போட்டுச் சுற்றிப் பார்த்தேன்; கணக்கு சரியாக வந்தது. அப்படியானால் சமதரையில் ஒவ்வொரு மிதிக்கும் நாம் பின்தங்குகிறோம். குன்றில் இறங்கித் தள்ளாமல் ஏறினால் அந்த இழப்பையெல்லாம் மீட்டு, மேலும் மிச்சம் பிடிக்கலாம். ஏற முடிந்தால். கேள்வி அவ்வளவுதான், அதைக் கணக்கு சொல்லாது.

பல்சக்கரத்தைக் கழற்றும் சாவி எங்களிடம் இல்லை. அம்மா பின்சக்கரத்தை மட்டும் கழற்றச் சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வாலாஜாபாத் போனாள். நானும் போனேன். நடத்துநர் சக்கரத்தைப் பார்த்து, “இன்னாம்மா இது, லக்கேஜா?” என்றார்.

“மடியிலதான வெச்சிக்கினு வரேன். மடியில கீற கொழந்தைக்கு டிக்கெட்டு கேப்பியா?”

பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். நடத்துநரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சைக்கிள் கடைக்காரர் இன்னும் ஒருபடி மேலே. “வண்டி எங்கம்மா, சக்கரத்த மட்டும் தூக்கிக்கினு வந்துகீற?”

“வண்டி வூட்ல நல்லா கீது. நோவு இதுக்குத்தான்.”

இருபத்திரண்டு பல் வேண்டும் என்றதும் அவர் தலையாட்டினார். “அது மூட்டை வண்டிக்குப் போடறதும்மா.”

“என் வண்டியும் மூட்டை வண்டிதான். சர்க்காரு மூட்டை.”

பழைய மூன்று சக்கர வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பூட்டிக் கொடுத்து, எங்கள் பதினெட்டை எடுத்துக்கொண்டார்.

மீதி வேலை என்னுடையது. பல்சக்கரம் பெரிதானதால் சங்கிலி பற்றவில்லை. கொட்டகையில் கிடந்த பழைய சங்கிலியிலிருந்து இரண்டு கண்ணிகளை ஆணி வைத்துத் தட்டி எடுத்துச் சேர்த்தேன். சக்கரம் சற்று முன்னே நகர்ந்துவிட்டது. பிரேக் கட்டைகள் விளிம்பை உரசாமலும் பிடிக்கும்போது விடாமலும் இருக்கும்படி தள்ளி முடுக்கினேன். அந்தப் பக்கம் இறங்கும்போது உயிர் அந்த நான்கு ரப்பர் துண்டில்தான் இருந்தது. சங்கிலியை மூடியிருந்த தகர உறை மட்டும் பெரிய பல்லுக்கு இடம் கொடுக்கவில்லை. அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டோம். உறையில்லாத சங்கிலியைப் பெரியப்பா வந்து பார்த்தார். புடவையைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அம்மா போனாள். தள்ளிக்கொண்டு போன நாட்களில் ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் குறைந்ததில்லை. அன்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கால் தரையில் படவில்லை என்று அம்மா சொன்னபோது அப்பா, “தரையில எவ்ளோ நேரம் வுட்ட?” என்று மட்டும் கேட்டார். தோற்றவர் விசாரிக்கிற குரல் அது.

இங்கே நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அந்தப் பல்சக்கரம் பழையது. மிதிக்காமல் வண்டி தானாக உருளும்போது ‘கிட்கிட்கிட்’ என்று சத்தமாகத் தட்டும். எல்லா சைக்கிளும் தட்டும், இது சற்று அதிகம். எங்கள் பக்கத்தில் வண்டி கிரீச்சிட்டுக்கொண்டு போவது வீட்டுக்கே தலைகுனிவு. மாட்டைப் பட்டினி போட்டவனைச் சொல்வதுபோல், அச்சுக்கு மை போடாதவனைச் சொல்வார்கள். வண்டி மை என்பது வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. மூங்கில் குழாயில் நிரப்பி ஒவ்வொரு மாட்டுவண்டிக்கு அடியிலும் தொங்கும். திங்கள்கிழமை மாலை அம்மா தெருவில் வந்தபோது பெரியப்பா தன் வண்டிமேல் உட்கார்ந்தபடி, காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “மை போடக்கூட வக்கில்லாத வூடு போலக்கீது. நாளைக்கு ஓவர்சியரு கண்ணால பார்க்க வேணாம், காதாலயே கண்டுக்குவாரு.”

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டு மெக்கானிக் நான் அல்லவா?

விளக்கு வைப்பதற்கு முன்னால், பெரியப்பாவின் வண்டிக் குழாயிலிருந்தே மையை எடுத்தேன். அதில் எனக்கு ஒரு தனி நியாயம் தெரிந்தது. கரண்டியில் வைத்து அடுப்பில் இளக்கி, சைக்கிளைச் சாய்த்துப் படுக்கவைத்து, பல்சக்கரத்தின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றிச் சுற்றினேன். அது குடிக்கக் குடிக்க ஊற்றினேன். சத்தம் குறைந்தது, மங்கியது, நின்றது. எண்ணெய் வைத்து வாரிய தலைபோல் அப்படி ஓர் அடக்கம். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவர்களே காது கொடுத்துக் கேட்கட்டும் என்று படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்டேன். எல்லோரும் முன்னறையில் இருந்த நேரம் பார்த்துக் குன்றுக்கு ஓடினேன். தை மாதக் குளிர் வெயில் வந்தும் இறங்கவில்லை. தடம் இரண்டு ஏற்றமாக இருக்கும். முதல் ஏற்றம் நீளம். அது முடிந்ததும் சிறு பள்ளம். அதில் உருண்டு இறங்கினால் உடனே இரண்டாவது ஏற்றம், குட்டை ஆனால் செங்குத்து. பள்ளத்தருகே கல் உடைப்பவர்களின் கீற்றுக் கொட்டகை. நான் அந்தப் பள்ளத்தில் ஒரு பாறைமேல் ஏறி நின்றேன்.

அம்மா வந்தாள். அப்பாவைப்போல நிற்கவில்லை, உட்கார்ந்தபடி, அவசரமில்லாமல், அரிசி அரைக்கிறவளின் கைபோல் கால்கள் ஒரே கதியில் சுற்றின. தபால் பை பின்னால் கட்டியிருந்தது. சரளையில் முன்சக்கரம் துள்ளும்போதெல்லாம் கைப்பிடியைத் தட்டி நேராக்கினாள். முதல் ஏற்றத்தைக் கால் ஊன்றாமல் ஏறிவிட்டாள். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் அப்படியே இருக்கிறது: வியர்வையில் நனைந்த ரவிக்கை, செருகிய புடவை, பல்லைக் கடித்த முகம். ஒரு சத்தம் இல்லை. சத்தம் இல்லை என்பதில் என் பங்கை நினைத்துப் பூரித்துப் போனேன்.

பள்ளத்தில் மிதிப்பதை நிறுத்தி உருண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், கண்ணால் மட்டும் அதட்டினாள். இரண்டாவது ஏற்றத்தின் அடியில் பெடலை அழுத்தினாள்.

பெடல் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியது. சக்கரம் அசையவில்லை. அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை ஊன்றிக்கொண்டாள். மறுபடி மிதித்தாள். பெடலும் சங்கிலியும் பல்லும் சுற்றின. சக்கரம் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நின்றது.

பல்சக்கரத்துக்குள்ளே சின்ன நாக்குகள் இருக்கின்றன. அவை எழும்பிக் கடித்தால்தான் மிதிப்பது சக்கரத்துக்குப் போகும். நாங்கள் கேட்கிற ‘கிட்கிட்’ அந்த நாக்குகளின் சத்தம். இதெல்லாம் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது. குளிரில் கெட்டியான மை அந்த நாக்குகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. தொடர்ந்து மிதித்தவரை கடித்துக்கொண்டு வந்தவை, பள்ளத்தில் ஒருமுறை மடங்கியதும் எழவில்லை. நான் அடக்கியது சத்தத்தை அல்ல.

அம்மா சைக்கிளைச் சாய்த்துக் குந்தினாள். பெடலைக் கையால் முன்னும் பின்னும் சுற்றினாள். பல்லிடுக்கில் விரலை விட்டு எடுத்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு புல்லில் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“மண்ணெண்ணெ வேணும்” என்றாள். அவ்வளவுதான்.

கொட்டகையிலிருந்த பெண் அதற்குள் வெளியே வந்துவிட்டாள். அம்மாவைவிட இளையவள், கையில் கல் உடைக்கும் சுத்தியல். அவளுக்கு வரும் கடிதங்களை அம்மாதான் படித்துச் சொல்வது வழக்கம். “இன்னாச்சிக்கா?”

“வண்டி கடிக்க மாட்டேங்குது. மண்ணெண்ணெ கீதா?”

அவள் உள்ளே ஓடித் தகர விளக்கோடு வந்தாள். அம்மா அதைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். பாதிக்குக் கீழே.

“இது பூட்டா ராத்திரிக்கு இன்னா பண்ணுவ?”

“ராத்திரி வரட்டும்க்கா, அதங்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஊத்து.”

திரியை உருவி, விளக்கு முழுவதையும் அந்த இடுக்கில் கவிழ்த்தாள் அம்மா. கல்லுடைக்கும் பெண் சக்கரத்தைப் பிடிக்க, அம்மா பெடலைப் பின்னுக்குச் சுற்றினாள். கறுப்புச் சாறு சொட்டியது. சுத்தியல் காம்பால் பல்லைச் சுற்றித் தட்டினாள். மறுபடி சுற்றினாள். ஒன்றுமில்லை. நான் பாறைமேலேயே நின்றேன். இறங்கிப் போய் உதவவில்லை. மூன்றாவதோ நான்காவதோ முறையில் ‘கிட்’ என்றது. நின்றது. பிறகு ‘கிட், கிட்’. பிறகு, நான் முந்தின மாலை கொன்ற அந்தச் சத்தம் முழுதாக உயிர்த்து வந்தது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் நீட்டினாள். எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கொட்டகையில் தண்ணீர் குடிக்கிற வழக்கமில்லை. அம்மா அண்ணாந்து குடித்துவிட்டு, மீதியை முகத்தில் அடித்துக்கொண்டு, அந்தச் செங்குத்தை அடியிலிருந்தே தொடங்கி ஏறினாள். அங்கே ஓடிவந்து ஏற வேகம் எதுவும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து ஏற வேண்டும். பெரிய பல் ஒன்றுதான் துணை. வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக ஏறினாள். ஆனால் ஏறினாள். கல்லுடைக்கும் பெண் கீழிருந்து, “வுடாதக்கா, வுடாத!” என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

நான் பின்னால் ஓடி உச்சிக்குப் போனபோது அம்மா பாதி இறக்கத்தில் இருந்தாள். தூரத்தில் பாலாற்று மணல் வெள்ளையாகத் தெரிந்தது. சாலையில் பேருந்து நிற்பதும் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர ஆரம்பித்தது. அம்மா பனைமரங்களுக்குள் மறைந்தாள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, புழுதியைத் தவிர.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டியபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

வெயில் ஏறிய பிறகு அம்மா வந்தாள். கூடவே தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓவர்சியர். பெரியப்பாவும் மைத்துனரும் எங்கிருந்தோ உடனே வந்து சேர்ந்தார்கள். ஓவர்சியர் தண்ணீர் குடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

“பஸ்ஸு கெளம்பிடுச்சிங்க. நான் நோட்டுல எழுதப் பேனாவ எடுத்துட்டேன். பார்த்தா அந்தாண்ட ஒரே ஆரன் சத்தம். குன்றுத் தடம் ரோட்ல வந்து சேர்ற எடத்துல இந்தம்மா சைக்கிளக் குறுக்கால போட்டுக்கினு நிக்கறாங்க. டிரைவரு கத்தறாரு. இவங்க ஒண்ணும் பேசல. பைய ஏத்துற வரைக்கும் சைக்கிள எடுக்கல.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அப்படி அவர் பார்த்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

“பை பூடுச்சி, அதுவரைக்கும் சரி” என்றார் ஓவர்சியர். “ஆனா லேட்டு லேட்டுதான். ஞாயித்துக்கெழமை நேரத்துக்கு ஏறுனேன்னு சொல்றீங்க. இன்னிக்கு வழியில இன்னா ஆச்சி? காரணம் எழுதணும். வண்டி ரிப்பேரா?”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் விரல்கள் கறுப்பாக இருந்தன.

“வண்டி நல்லா கீதுங்க. எங்க வூட்டு மெக்கானிக்கு சரியா பூட்டிக் குடுத்துகீது” என்றாள் அம்மா. “புடவை செயின்ல மாட்டிக்கிச்சி.”

பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “நான் சொல்லல? நான் சொல்லல?” மைத்துனர்கூட எழுந்து நின்று சிரித்தார். ஓவர்சியர் சிரிப்பை அடக்கியபடி எழுதிக்கொண்டார். இனி புடவையை நன்றாகச் செருகிக்கொண்டு வரச் சொன்னார். நாளையும் அம்மாவே பை கொண்டுவரலாம் என்றும் சொன்னார். மைத்துனரின் சிரிப்பு அங்கேதான் நின்றது.

நானும் சிரித்தேன். இதையும் பதிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு மை விஷயம் தெரியவில்லை, நான் தப்பித்தேன் என்ற ஆறுதலில் மற்றவர்களோடு சேர்ந்து நன்றாகவே சிரித்தேன். புடவை எங்கும் மாட்டவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவேயில்லை.

அன்றிலிருந்து ஊரில் அம்மாவுக்குப் ‘புடவை மாட்டுன தபாலம்மா’ என்று பேர். அவள் அதற்குப் பிறகு ஒருநாள்கூடப் பேருந்தைத் தவறவிடவில்லை என்பது அந்தப் பேரில் இல்லை. அப்பாவின் கட்டை மாசியில் பிரித்தார்கள். சைக்கிளில் மறுபடி ஏறியதும், “தரையில நகர மாட்டேங்குது” என்று ஒரு வாரம் குறை சொன்னார். பிறகு சொல்லவில்லை. இருபத்திரண்டைக் கழற்றவும் சொல்லவில்லை. அந்த வண்டி எங்கள் வீட்டில் இருந்த கடைசி நாள் வரை அந்தப் பல்லோடுதான் இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து நான் உத்திரமேரூர் பள்ளிக்குப் போனதும் அதில்தான். புடவைப் பேச்சு என்னிடம் எடுபடவில்லை, நான் பாவாடையில் இருந்தேன்.

புதன்கிழமை மாலை அம்மா ஒரு சிறிய புட்டியை என் கையில் கொடுத்தாள். தையல் மெஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய். “வண்டிக்கு இதுதான் வுடணும்” என்று மட்டும் சொன்னாள். இன்னொரு புட்டியில் மண்ணெண்ணெய் நிரப்பிக் குன்றுக்குக் கொண்டுபோனாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. உண்மையைச் சொல்லியிருந்தால் ஊர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும், அப்பா ‘எங்க வூட்டு மெக்கானிக்கு’ என்று என்னை மறுபடி அழைத்திருப்பாரா தெரியாது. எந்த ஏளனத்தைப் பொய்யாக்க அவள் அந்தக் குன்றில் ஏறினாளோ, அதையே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அதுவும் எல்லோர் முன்னிலும், எழுத்திலும்.

நான் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் இதற்குச் சான்று இல்லை. ஓவர்சியரின் நோட்டு எங்கே போயிற்று என்று விசாரித்தேன்; அந்தக் காலத்துப் பதிவேடுகள் வைத்திருப்பதில்லை என்றார்கள். கல்லுடைக்கும் குடும்பம் குன்றைவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது அம்மா ஒருத்திதான். போன ஆண்டு ஒருநாள் துணிந்து கேட்டேன்: வண்டி மையை மோந்து பார்த்தாயே, அப்போதே தெரியுமா?

“இன்னா மையி?” என்றாள். “புடவைதான் மாட்டிக்கிச்சி. ஓவர்சியரு எழுதிக்கினாரே, பார்க்கல நீ?”

நான் அங்கேதான் இருந்தேன் என்றேன்.

“அப்போ சரியா பார்த்திருக்க மாட்ட” என்றாள்.

அம்மாவுக்கு அன்றே தெரிந்திருந்ததா என்பது, இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படவில்லை.